மன்னன் கொடையும் மக்கள் உரிமையும்: நேபாளத்து பி. பி. கொய்ராலா

முடியாட்சி நிலவும் நாட்டில் மக்களாட்சி மலர்வதற்கு வரலாறு இரு வழிகளைக் காட்டியுள்ளது. முடியை வீழ்த்தி அதன் இடத்திற் குடியரசை நாட்டுவது ஒரு வழி. பிரான்சும் உருசியாவும் அவ்வழிச் சென்றன. முடியை இருந்தவாறே இருக்கவிட்டு, அதன் அதிகாரத்தைச் சிறிது சிறிதாகக் கவர்ந்து மக்கள் மன்றத்திடம் ஒப்படைப்பது மற்றைய வழி. இங்கிலாந்தும் சுவீடனும் இவ்வழியே முதிர்ந்தன. முதலாவது வழியைப் பற்றி முற்போக்காளர் மிகுதியாக எழுதியுள்ளனர். இரண்டாவது வழியை நம்பி அதற்காகத் தம் வாழ்வையே ஈந்தோரைப் பற்றி எழுதுவதில் நாம் தயக்கங் காட்டி வந்துள்ளோம். 'சமரசவாதி' என்ற ஒரு சொல்லால் அவர்களை ஒதுக்கிவிடுவது எளிதாக இருப்பதே அத்தயக்கத்திற்குக் காரணம் எனலாம்.

நேபாளத்தின் விசுவேசுவர பிரசாத் கொய்ராலா அவ்வாறு எளிதில் ஒதுக்கிவிடக்கூடியவரல்லர். அவர் தம்மைச் சோசலிசவாதி என்று அழைத்துக் கொண்டவர்; கொடுங்கோன்மைக்கெதிராக இருமுறை ஆயுதப் போரை நடத்தியவர்; தம் நாட்டு மக்கள் முதன்முறையாக வாக்களித்துத் தேர்ந்த பிரதமர். அரசனின் ஆணையாற் பதவி இழந்து, விசாரணை எதுவுமின்றி எட்டு ஆண்டுகள் சிறையிருந்தவரும் அவரே. அத்தகையவர் தம் இறுதிக்காலத்தில், தம்மைச் சிறையிட்ட அரச குடும்பத்துடனேயே இணக்கம் வேண்டுமென வற்புறுத்தினார். இதன் பொருள் யாது? அது தோல்வியின் குரலா, அன்றி நாட்டு நிலையை நன்கறிந்த ஒருவரின் தீர்க்கமான முடிவா? இவ்வினாவை மனத்திற் கொண்டு அவரது வாழ்வை நோக்குவது பயனுடைத்து.

கொய்ராலா பிறந்த காலத்து நேபாளத்தை முதலில் அறிதல் வேண்டும். 1846 ஆம் ஆண்டு செப்டெம்பரில், காத்மண்டு அரண்மனையின் ஆயுதக் களஞ்சிய முற்றத்தில் நடந்த படுகொலையின் பின்னர் யங் பகதூர் என்பவர் ஆட்சியைக் கைப்பற்றினார். அன்று தொடங்கி 1951 வரை, நூற்று நான்கு ஆண்டுகள், பிரதமர் பதவி றாணா குடும்பத்தின் பரம்பரைச் சொத்தாயிற்று. அரசர் இருந்தார், ஆயின் அவர் அரண்மனைக் கைதியாகவே இருந்தார். அண்ணனுக்குப் பின் தம்பி என்ற முறையிற் பதவி கைமாறியது. நாட்டின் வரி வருமானத்திற் குடும்பச் செலவு எது, அரச செலவு எது என்ற வேறுபாடே இருக்கவில்லை. பயிரிடப்பட்ட நிலத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு 'பிர்த்தா' என்னும் இறையிலி மானியமாக இருந்தது. அதன் பெரும்பகுதி றாணாக்களிடமே குவிந்திருந்தது. கல்விச்சாலைகளை அவர்கள் ஐயத்துடன் நோக்கினர். 1918 இற் காத்மண்டுவில் முதற் கல்லூரியைத் திறந்துவைத்த சந்திர சம்சேர், அச்செயலால் தம் குடும்பத்தின் காலிலே தாமே கோடரி போட்டுக் கொண்டதாகக் கருதினார் என்று கூறப்படுவதுண்டு.

அந்தச் சந்திர சம்சேருக்கு ஒரு நாள் பொதியொன்று சென்றது. அதனுள் இருந்தவை நைந்து கிழிந்த கந்தல் உடைகள். மலைப்பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழையர் உடுத்திருந்தவை அவை. தாமும் தம் சுற்றமும் பட்டும் பொன்னும் பூண்டிருக்க, தம் குடிகள் எதனை உடுத்துகின்றனர் என்பதைப் பிரதமர் தம் கண்ணாற் காணட்டும் என்று அதனை அனுப்பியவர் விராட்நகரைச் சேர்ந்த கிருஷ்ண பிரசாத் கொய்ராலா என்னும் வணிகர். அதன் விளைவாக அவரது சொத்துப் பறிமுதலாயிற்று. குடும்பம் இந்தியாவுக்கு ஓட நேர்ந்தது. அவருடைய மகனே விசுவேசுவர பிரசாத். 1914 செப்டெம்பர் 8 ஆந் திகதி காசியிற் பிறந்த அவரது இளமை முழுவதும் காசியிலும் பீகாரிலும் அகதி வாழ்வாகவே கழிந்தது. தந்தையார் பின்னர் நாடு திரும்பினார். 1940களில் மீண்டுங் கைதாகி றாணாக்களின் சிறையிலேயே உயிர் நீத்தார்.

இந்திய மண்ணில் வளர்ந்தமையாற் கொய்ராலாவின் அரசியற் பயிற்சியும் இந்திய விடுதலை இயக்கத்திலேயே அமைந்தது. 1930 இல், மாணவராக இருந்தபோதே, பிரித்தானிய அரசு அவரைக் கைதுசெய்தது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1934 இற் பட்டம் பெற்றார். கல்கத்தாவிற் சட்டம் பயின்று டார்ஜிலிங்கில் வழக்கறிஞராகச் சிறிது காலம் பணியாற்றினார். ஜெயப்பிரகாஷ் நாராயணன், இராம் மனோகர் லோகியா முதலியோர் காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சியைக் கட்டியெழுப்பிய காலம் அது. அவர்களோடு கொண்ட நட்பு இறுதிவரை நீடித்தது. 1942 இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் எழுந்தபோது, மீண்டும் பிரித்தானியச் சிறை. நேபாளத்தவர் ஒருவர் இந்திய விடுதலைக்காக ஏன் சிறை செல்லவேண்டும்? றாணா ஆட்சி பிரித்தானிய ஏகாதிபத்தியத்தின் தோளிற் சாய்ந்தே நிற்கின்றது, தோள் விலகினால் ஆட்சி சரியும் என்பது அவரது கணிப்பு. உலகப் போர்கள் இரண்டிலும் கூர்க்கா இளைஞரைப் பல்லாயிரக் கணக்கில் றாணாக்கள் பிரித்தானியருக்கு வழங்கியமையை நினைவிற் கொண்டால், அக்கணிப்பின் நியாயம் விளங்கும்.

1947 சனவரியிற் கல்கத்தாவில் நேபாளி தேசிய காங்கிரஸ் தோன்றியது. அவ்வாண்டு மார்ச்சில் விராட்நகர்ச் சணல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். நேபாள வரலாற்றில் நவீனத் தொழிலாளர் நடத்திய முதற் பெரும் போராட்டம் இதுவே. கொய்ராலாவும் அவர் தம்பி கிரிஜா பிரசாத்தும் இதில் முன்னின்றனர். பின்னாளிற் பொதுவுடைமைக் கட்சியின் சார்பிற் பிரதமராகிய மன்மோகன் அதிகாரியும் உடனிருந்தார். கைதான தலைவர்களை விராட்நகரிலிருந்து காத்மண்டு வரை மலைவழியே பல நாட்கள் கால்நடையாகக் கொண்டுசென்றனர் றாணாவின் படையினர். மக்களை அச்சுறுத்தும் நோக்குடன் நிகழ்த்தப்பட்ட அந்நடை எதிர்மாறான பயனையே விளைவித்தது. 'காங்கிரஸ்' என்ற சொல்லையே கேட்டறியாத மலைக்கிராமங்கள், விலங்கிடப்பட்ட இளைஞர் சிலர் தமக்காகச் சிறை செல்வதைக் கண்ணாற் கண்டன. காந்தியடிகள் தலையிட்ட பின்னர் ஓகஸ்டிற் கொய்ராலா விடுதலையானார். மறு ஆண்டு இரகசியமாகக் காத்மண்டுவுட் புகுந்து மீண்டும் பிடிபட்டார். சிறையில் நெடுநாள் உண்ணாநோன்பிருந்து 1949 இல் வெளிவந்தார்.

அமைதிவழி அடைபட்ட நிலையில் 1950 இல் நேபாளி காங்கிரஸ் ஆயுதப் போருக்கு ஆயத்தமாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 6 ஆந் திகதி அரசர் திரிபுவன் தம் குடும்பத்தோடு அரண்மனையினின்றும் வெளியேறி, வழியிற் காத்மண்டு இந்தியத் தூதரகத்தினுட் புகுந்து அடைக்கலம் பெற்றார். திகைத்துப் போன றாணாக்கள், அரண்மனையில் விடப்பட்டிருந்த மூன்று வயதுப் பேரன் ஞானேந்திராவை மறுநாள் அரியணையில் ஏற்றினர். சில நாட்களுள் காங்கிரசின் விடுதலைப்படை எல்லை கடந்து பீர்கஞ்ச் நகரைக் கைப்பற்றியது. அரசனும் புரட்சியாளரும் ஒரே பகைவனுக்கெதிராக ஒரே அணியில் நின்றனர். உலக வரலாற்றில் அரிதாகக் காணப்படும் இச்சேர்க்கையே கொய்ராலாவின் பிற்கால நம்பிக்கைக்கு வித்திட்டது. அவருக்கு நேர்ந்த துயரங்களுக்கும் இதுவே மூலமாயிற்று.

போர் முடிவதற்கு முன்பே டில்லியில் உடன்பாடு எழுதப்பட்டது. பண்டித நேருவின் அரசு நடுநிலை வகித்து உருவாக்கிய அவ்வுடன்பாட்டின்படி, அரசர் மீள்வார். றாணாக்கள் ஐவரும் காங்கிரசார் ஐவரும் சேர்ந்த மந்திரிசபை அமையும். பிரதமர் பதவியில் மோகன் சம்சேர் றாணாவே தொடர்வார். 1951 பெப்ரவரி 18 இல் அரசர் பிரகடனஞ் செய்தார். மக்கள் தெரிவுசெய்யும் அரசியல் நிர்ணய சபை இயற்றும் யாப்பின்படியே இனி நாடு ஆளப்படும் என்பது அப்பிரகடனத்தின் உயிர்நிலை. கொய்ராலா உள்நாட்டு மந்திரியானார். அவ்வாண்டு நவம்பரிற் காத்மண்டுவில் ஊர்வலஞ் சென்ற மாணவர்மீது பொலிசார் சுட்டதில் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். பொலிசு கொய்ராலாவின் பொறுப்பில் இருந்தது. அந்நெருக்கடியிற் காங்கிரஸ் மந்திரிகள் பதவி விலக, றாணாக்களின் கூட்டாட்சியும் முடிவெய்தியது. மக்கள் தலைவனின் ஆட்சியிலும் மாணவன் இரத்தஞ் சிந்த நேர்ந்தது என்பதை நாம் மறைத்தலாகாது.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது யாதெனில், 1951 இல் வெற்றிபெற்றது யார் என்பதே. றாணாக்கள் வீழ்ந்தனர்; ஆயின் அவர்களிடமிருந்த அதிகாரம் மக்களைச் சேரவில்லை. படை அரசரைச் சேர்ந்தது. கருவூலமும் அரசரைச் சேர்ந்தது. நூறாண்டு காலம் கைதியாயிருந்த முடி, மக்களின் தோளேறி வெளிவந்து உண்மையான முடியாயிற்று. புதிய பிரதமராக அரசர் நியமித்தது கொய்ராலாவையன்று. அவர்தம் மாற்றாந்தாய் வழி அண்ணன் மாத்ரிகா பிரசாத்தை. மந்திரிசபைகள் தோன்றுவதும் மறைவதும் அரசரின் விருப்பமாயிற்று. 1955 இல் திரிபுவன் இறக்க, மகேந்திரா அரசரானார். தந்தை அளித்த வாக்கு மைந்தனுக்குச் சுமையாகத் தோன்றியது. தேர்தல் நாள் குறிக்கப்படுவதும் தள்ளிவைக்கப்படுவதுமாக ஆண்டுகள் சென்றன. 1957 இறுதியிற் கட்சிகள் சட்டமறுப்பில் இறங்கியதன் பின்னரே 1959 பெப்ரவரி 18 தேர்தல் நாளாக உறுதி செய்யப்பட்டது.

ஆனால் அத்தேர்தல் அரசியல் நிர்ணய சபைக்கானதன்று, பாராளுமன்றத்துக்கானது. யாப்பை அரசர் நியமித்த குழு எழுதும். அரசர் அதனை மக்களுக்கு அருளுவார். அக்குழுவுக்கு ஆலோசனை கூற அழைக்கப்பட்டவர் நம் நாட்டினர் நன்கறிந்த சேர் ஐவர் ஜெனிங்ஸ். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தராகவும், சோல்பரி யாப்பின் உருவாக்கத்தில் டி. எஸ். சேனநாயக்காவின் ஆலோசகராகவும் விளங்கிய அதே ஜெனிங்ஸ்தான். 1959 பெப்ரவரி 12 இல், வாக்கெடுப்புத் தொடங்குவதற்கு ஆறு நாட்களே இருந்தபோது, யாப்பு வெளியாயிற்று. மேற்சபை உறுப்பினர் 36 பேரிற் பாதிப்பேரை அரசர் நியமிப்பார். நாட்டின் பாதுகாப்புக்கு இடையூறு நேர்ந்துள்ளதென அரசர் கருதினால், 55 ஆம் பிரிவின்படி யாப்பையே நிறுத்திவைத்து அதிகாரம் அனைத்தையும் தாமே ஏற்கலாம். தந்தவன் எடுத்துக்கொள்ளவும் உரிமையுடையவன் என்ற நிலமானியக் காலத்து நீதி, பாராளுமன்றச் சொற்களாற் போர்த்தப்பட்டு அங்கு வீற்றிருந்தது.

கொய்ராலா இதனை அறியாதவரல்லர், சட்டம் பயின்றவர். அறிந்தும் ஏற்றார். தேர்தல் ஒருமுறை நடந்துவிட்டால், மக்கள் தம் வலிமையை ஒருமுறை உணர்ந்துவிட்டால், ஏட்டில் உள்ள பிரிவுகள் நாளடைவிற் செயலற்றுப் போகும் என்பது அவரது எண்ணம். இங்கிலாந்தில் அவ்வாறே நிகழ்ந்தது என்பது உண்மை. ஆயின் இங்கிலாந்தில் முடியின் அதிகாரம் தேய்ந்ததற்குப் பின்னால், அரசனொருவனின் தலை துண்டிக்கப்பட்ட வரலாறும், பணத்தையும் படையையும் பாராளுமன்றம் தன்வயமாக்கிக் கொண்ட வரலாறும் உண்டு. நேபாளத்திற் படை அரண்மனையிடமே இருந்தது. இந்த வேறுபாட்டை அவர் போதிய அளவு எடைபோடவில்லை என்பதே என் கருத்து.

தேர்தலின் முடிவு எவரும் எதிர்பாராதது. 109 இடங்களில் 74 இடங்களை நேபாளி காங்கிரஸ் வென்றது. றாணாச் சார்பான கோர்க்கா பரிஷத் 19 இடங்களையும் பொதுவுடைமைக் கட்சி 4 இடங்களையும் பெற்றன. வாக்குகளிற் காங்கிரசின் பங்கு நூற்றுக்கு 37 வீதமே எனினும், மூன்றிலிரண்டு பெரும்பான்மை கிட்டிவிட்டது. கட்சிகள் பலவாகச் சிதறி நிற்க, எவரையும் தம் விருப்பப்படி ஆட்டுவிக்கலாம் என்று அரண்மனை கருதியிருந்தால் அக்கருத்துப் பொய்த்தது. 1959 மே 27 இற் கொய்ராலா பிரதமரானார்.

பதினெட்டு மாதங்களே அவ்வாட்சி நீடித்தது. அச்சிறு காலத்துள் அது தொட்ட இடங்கள் நிலமானிய அமைப்பின் நரம்பு முடிச்சுக்கள். பிர்த்தா மானியத்தை ஒழிக்கும் சட்டம் 1959 இறுதியில் நிறைவேறியது. மேற்கு மலைப்பகுதியிற் சிற்றரசர் அனுபவித்து வந்த தனியுரிமைகள் நீக்கப்பட்டன. துவாரிகா தேவி தகுராணி நேபாளத்தின் முதற் பெண் மந்திரியானார். வெளியுறவில், டில்லியின் நிழலில் ஒதுங்கிக் கிடந்த நாட்டை அவர் நிமிர்ந்து நிற்கச் செய்தார்: 1960 மார்ச்சிற் பீக்கிங்கில் எல்லை உடன்பாடு; ஏப்ரிலிற் சூ என்லாயின் காத்மண்டு வருகை. திட்டக்குழுவின் அலுவலகத்தில் அரசரின் படத்தோடு ஏர் உழும் குடியானவன் ஒருவனின் படத்தையும் மாட்டிவைக்குமாறும், திட்டம் வரையும் ஒவ்வொரு முறையும் இத்திட்டத்தால் இவனுக்கு என்ன கிட்டும் எனக் கேட்டுக் கொள்ளுமாறும் அவர் கூறியதாக ஒரு செய்தி நேபாளத்தில் வழங்குகின்றது. அரசர் படத்தை எடுத்துவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. அதன் அருகே இன்னொரு படத்திற்கு இடம் வேண்டுமென்றார். கொய்ராலாவின் அரசியல் முழுவதும் இச்செய்தியில் அடங்கியுள்ளது எனலாம்.

இரு படங்களும் ஒரே சுவரில் நெடுநாள் தொங்க இயலவில்லை. மானியம் இழந்தோர் முறையிட்ட இடம் அரண்மனை. மலைப்பகுதிகள் சிலவிற் சமயத்தின் பெயரால் ஆட்சிக்கெதிரான கலகம் மூட்டப்பட்டது. 1960 டிசம்பர் 15 ஆந் திகதி காத்மண்டுவிற் கட்சியின் இளைஞர் மாநாட்டிற் கொய்ராலா கலந்துகொண்டிருந்தபோது படையினர் வந்து அவரைக் கைதுசெய்தனர். மந்திரிகளும் சிறைப்பட்டனர். 55 ஆம் பிரிவை அரசர் கையாண்டார், பாராளுமன்றம் கலைந்தது, சில நாட்களிற் கட்சிகள் அனைத்தும் தடைசெய்யப்பட்டன. ஊழல் மலிந்தது, ஒழுங்கு சிதைந்தது, நாட்டின் ஒற்றுமை குலைந்தது என்பன அரசர் கூறிய குற்றச்சாட்டுகள். அவற்றை நிறுவுவதற்கு ஒரு நீதிமன்றமேனும் கூட்டப்படவில்லை. எட்டாண்டுகள், 1968 ஒக்டோபர் வரை, காத்மண்டுவுக்கு வடகிழக்கேயுள்ள சுந்தரிஜல் இராணுவ முகாமிற் கொய்ராலாவும் கணேஷ் மான் சிங்கும் தோழர் சிலரும் அடைபட்டுக் கிடந்தனர்.

மகேந்திரா அமைத்த கட்சியற்ற 'பஞ்சாயத்து' முறை 1962 டிசம்பரில் யாப்பாக வடிவு பெற்றது. மேனாட்டுப் பாராளுமன்றம் நம் மண்ணுக்கு ஒவ்வாது, இம்மண்ணின் இயல்புக்கேற்ற ஆட்சியே வேண்டும் என்பது அதன் தத்துவம். இத்தகைய வாதத்தை ஆசிய ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் நாம் கேட்டிருக்கின்றோம். நேர்மையாகச் சொல்லின், அவ்வாட்சியிலும் சீர்திருத்தங்கள் நிகழ்ந்தன: 1963 இன் சட்டத்தொகுப்புச் சாதி வேறுபாட்டுக்குச் சட்டம் அளித்து வந்த ஆதரவை நீக்கியது, 1964 இல் நிலச்சட்டம் வந்தது. எனவே, அரசன் நல்லவனாயின் மக்களுக்கு வேறென்ன வேண்டும் என்று கேட்போர் அன்றும் இருந்தனர். கொய்ராலாவின் விடை, சீர்திருத்தத்தின் அளவைப் பற்றியதன்று. அதனைத் தரவும் தடுக்கவும் வல்லவர் யார் என்பதைப் பற்றியது. குடியானவன் பெற்ற நிலம் அரசனின் கருணையெனில், அடுத்த அரசனின் சினம் அதனைப் பறிக்கும். மக்களின் உரிமையெனில், பறிப்பவன் மக்களிடம் விடை கூறியாகவேண்டும்.

சிறையிலிருந்த கொய்ராலாவை இலக்கிய மாணவர் மறத்தலாகாது. 1935 இலேயே 'சாரதா' இதழிற் 'சந்திரபதன்' என்னும் சிறுகதை வழியாக நேபாளிப் புனைகதையில் உளவியல் நோக்கைப் புகுத்தியவர் அவர். சுந்தரிஜலில் அவரது நாவல்கள் பிறந்தன. 'தீன் கும்தி'யில் இந்திரமாயா என்னும் பெண் தன் வாழ்வின் மூன்று திருப்பங்களில், பெற்றோரையும் சமூகத்தையும் கணவனையும் மீறித் தன் முடிவைத் தானே எடுக்கின்றாள். 'சும்னிமா'வில் பிராமண இளைஞனின் துறவொழுக்கமும் கிராதப் பழங்குடிப் பெண்ணின் இயல்பான வாழ்வும் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன, வெல்வது துறவன்று. 'மோதியாயின்' பாரதப் போரை வீரரின் பக்கமாக நின்று பாராது, போரினாற் கணவரை இழந்த பெண்டிரின் பக்கமாக நின்று பார்க்கின்றது. இக்கதைகளில் அரசியல் முழக்கம் கிடையாது. எனினும், தன் வாழ்வைப் பற்றித் தானே முடிவுசெய்யும் உரிமை எளிய மனிதர்க்கும் உண்டு என்ற எண்ணம் அவற்றினூடே ஓடுகின்றது. அரசியல்வாதி கொய்ராலா நாட்டுக்குக் கேட்டதும் அதனையே.

விடுதலையான பின்னர் இந்தியாவில் எட்டாண்டு அளவான நாடுகடந்த வாழ்வு. இரண்டாம் முறையாக ஆயுதவழி. 1973 யூனில் விராட்நகரிலிருந்து வங்கிப் பணத்தோடு பறந்த விமானத்தைக் கட்சி இளைஞர் கடத்தி இந்திய எல்லைக்குள் இறக்கினர். 30 இலட்சம் ரூபா கைப்பற்றப்பட்டது. 1974 இல் ஒகல்துங்காவில் நுழைந்த சிறு படை முறியடிக்கப்பட்டது. இம்முயற்சிகள் உயிர்களைக் காவுகொண்டனவேயன்றி மக்கள் எழுச்சியை உண்டாக்கவில்லை. வாகனத்தின் சக்கரம் எதிர்த்திசையிற் சுழன்றது: 1975 இற் சிக்கிம் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது, யூனில் இந்தியாவிலே அவசரகால நிலை பிரகடனமாகி, ஜெயப்பிரகாஷ் நாராயணனே சிறை சென்றார். அந்நிய மண்ணிலிருந்து நடத்தும் போர், தான் நிற்கும் மண்ணின் அரசுக்கே கருவியாகும் என்பதைக் கொய்ராலா கண்டார். மக்களாட்சியின்றித் தேசியம் நிலையாது. தேசமே இல்லையெனின் மக்களாட்சிக்கு இடமேது? இவ்விரண்டையும் ஒருங்கே காக்கும் வழியாக அவர் முன்வைத்ததே 'தேசிய நல்லிணக்க'க் கொள்கை.

1976 டிசம்பர் 30 இல் அவரும் கணேஷ் மான் சிங்கும் காத்மண்டு விமான நிலையத்தில் இறங்கினர். தூக்குத்தண்டனைக்குரிய இராசத்துரோக வழக்குகள் அவர்களுக்காகக் காத்திருந்தன. இறங்கியவுடனே கைது. தம் கழுத்தும் அரசரின் கழுத்தும் ஒரே கயிற்றாற் பிணைக்கப்பட்டுள்ளன என்ற கருத்தில் அவர் அக்காலத்திற் பேசியதுண்டு. நோயுற்றுச் சிகிச்சைக்காக அமெரிக்கா செல்ல அனுமதி பெற்றவர், சிறை நிச்சயம் என்றறிந்தும் திரும்பி வந்தார். பின்னர் வழக்குகளிலிருந்து விடுபட்டார். ஆயின் 1979 பெப்ரவரியில் அவர் கட்சியைச் சேர்ந்த யக்ஞ பகதூர் தாபா, பீம் நாராயண் சிரேஷ்ட ஆகிய இருவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. நல்லிணக்கம் பேசிய தலைவனுக்கு அரண்மனை அளித்த மறுமொழியாகவே பலர் அதனைக் கண்டனர். கட்சியினுள் எத்தகைய கசப்பு எழுந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. அப்பொழுதும் அவர் கொள்கையை மாற்றவில்லை.

அவ்வாண்டு ஏப்ரிலில் மாணவர் கிளர்ச்சி மூண்டது. மே 24 இல் அரசர் வீரேந்திரா, பஞ்சாயத்து முறையா பலகட்சி முறையா என்பதைச் சர்வசன வாக்கெடுப்பு முடிவுசெய்யும் என அறிவித்தார். 1980 மே 2 இல் வாக்கெடுப்பு நடந்தது. பஞ்சாயத்து முறைக்கு 24 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள். பலகட்சி முறைக்கு 20 இலட்சத்துக்குச் சற்றுக் கூடிய வாக்குகள். அரச இயந்திரம் முழுவதும் ஒரு பக்கம் நின்றது என்ற குற்றச்சாட்டு எங்கும் எழுந்தது. கொய்ராலா முடிவை ஏற்றுக்கொண்டார். இது பலரைத் திகைக்க வைத்தது, இன்றும் விவாதத்துக்குரியது. எனினும் ஒன்றை நோக்குக: மக்கள் தீர்ப்புக்குத் தலைவணங்க வேண்டுமென அரசரிடம் இருபது ஆண்டுகளாகக் கேட்டுவந்தவர், தீர்ப்புத் தமக்குப் பாதகமானபோது அதனை மறுத்தால், அவர் கேட்டதற்கெல்லாம் பொருள் இல்லாது போயிருக்கும். மேலும், பஞ்சாயத்து மண்ணின் இயல்பு, அதற்கு எதிர்ப்பே இல்லை என்ற வாதம், நூற்றுக்கு 45 வீதத்தினர் எதிர்த்து வாக்களித்த அன்றே இறந்துபட்டது. 1982 யூலை 21 இற் புற்றுநோய் அவர் உயிரைக் கவர்ந்தது. அரச மரியாதை எதுவும் தேவைப்படாத அளவுக்குக் காத்மண்டு வீதிகள் மக்களால் நிறைந்தன.

அவர் மறைந்த எட்டாண்டுகளில், 1990 இல், கணேஷ் மான் சிங்கின் தலைமையிற் காங்கிரசும் இடதுசாரி முன்னணியும் கைகோத்து நடத்திய மக்களியக்கம் பஞ்சாயத்து முறையைத் தகர்த்தது. அரசர் யாப்புக்குட்பட்ட அரசரானார். கொய்ராலா கண்ட கனவு நனவாயிற்று எனத் தோன்றியது. ஆனால் அக்கனவு பதினைந்து ஆண்டுகளே நிலைத்தது. 1951 இல் தீண்டப்படாது விடப்பட்ட வறுமை, 1996 இல் மாவோவாதிகளின் மக்கள் போராக வெடித்தது. 2001 யூன் முதலாந் திகதி அரண்மனையிலே அரச குடும்பம் கொலையுண்டது. 2005 பெப்ரவரியில் அரசர் ஞானேந்திரா, 1960 இல் தந்தை செய்ததையே செய்து ஆட்சியைத் தம் கையில் எடுத்தார். மறு ஆண்டு மக்கள் வீதிக்கு வந்தனர். 1951 இல் வாக்களிக்கப்பட்ட அரசியல் நிர்ணய சபை 57 ஆண்டுகளின் பின் 2008 இல் தெரிவாகி, மே 28 ஆந் திகதி தன் முதல் அமர்விலேயே முடியாட்சியை ஒழித்தது. மூன்று வயதில் றாணாக்கள் முடிசூட்டிய அதே ஞானேந்திராதான் அன்று அரண்மனையை விட்டு வெளியேற நேர்ந்தவர். அவ்வேளை பிரதமராக இருந்தவர் கொய்ராலாவின் தம்பி, விராட்நகர்ச் சணல் ஆலைப் போராட்டத்தில் நின்ற கிரிஜா பிரசாத்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது யாது? முடியோடு கூடிய மக்களாட்சி என்ற கொய்ராலாவின் வழி இறுதியில் மூடுண்டது. அதனை மூடியது புரட்சியாளரைவிட அரசர்களே எனல் வேண்டும். மக்கள் நீட்டிய கையை இருமுறை தட்டிவிட்ட முடி, மூன்றாம் முறை கைநீட்டுவார் எவருமின்றி நின்றது. கொய்ராலாவின் குறைகளையும் சொல்லியாகவேண்டும். படை யாரிடம் உள்ளது என்ற வினாவை அவர் 1951 இலும் 1959 இலும் பின்தள்ளினார். தொழிலாளர் போராட்டத்தில் ஒன்றாக நின்ற பொதுவுடைமையாளரோடு ஒரு பொது அணி அமைக்க அவர் இசையவில்லை. அவ்வணி அமைந்தபோதுதான் 1990 இன் வெற்றி கிட்டியது. மலையினத்தவரும் தெற்குச் சமவெளி மக்களும் அதிகாரத்திற் பங்கு கேட்ட குரலுக்கு அவர் கட்சி போதிய செவிசாய்க்கவில்லை. ஒரு குடும்பத்தின் ஆட்சியை எதிர்த்து எழுந்த இயக்கம், நான்கு பிரதமர்களைத் தன் தலைமைக் குடும்பத்திலிருந்தே தந்தது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இவை யாவற்றையும் கூறிய பின்னரும், சமரசவாதி என்ற சொல் அவருக்குப் பொருந்தவில்லை. சமரசவாதி விட்டுக்கொடுப்பது கொள்கையை; பெற்றுக்கொள்வது பதவியை. கொய்ராலா விட்டுக்கொடுத்தவை தம் பதவியும் உடல்நலமும் வாழ்நாளின் பெரும்பகுதியும். மக்களே இறைமையின் இருப்பிடம் என்ற ஒன்றை மட்டும் அவர் எந்த அரசனிடமும் விட்டுக்கொடுக்கவில்லை. அரசனை ஏற்கலாம், ஆனால் அரசன் தரும் உரிமை என ஒன்றில்லை என்ற அவரது நிலைப்பாட்டை, 1962 இன் கட்சியற்ற யாப்பு மறுத்தது. 1990 இன் யாப்புப் பாதி ஏற்றது. மக்கள் தெரிவுசெய்த சபை இயற்றிய 2015 இன் யாப்பு முழுமையாக ஏற்றது. நேபாளக் குடியரசின் இடர்ப்பாடுகள் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. 2025 செப்டெம்பரில் ஊழலை எதிர்த்தெழுந்த இளைஞர்கள் ஓர் அரசைப் பதவியிறக்கினர். எழுபதுக்கு மேற்பட்டோர் அக்கிளர்ச்சியில் உயிரிழந்தனர். இந்நிலை கண்டு மீண்டும் மன்னன் வரட்டும் என்று குரல் எழுப்புவோரும் அங்கு உளர்.

அவர்கள் நினைவுகொள்ள வேண்டியது 1960 டிசம்பரை. அன்றும் ஊழலை ஒழிக்கவே அரசன் வந்தான்; ஒழிந்தது பாராளுமன்றம். தவறு செய்யும் மந்திரியை வீதியில் நின்று தட்டிக்கேட்கவும், தேர்தலில் வீழ்த்தவும் மக்களுக்கு வழியுண்டு. தவறு செய்யும் மன்னனைக் கேட்பதற்கு நேபாள மக்கள் சுந்தரிஜல் வழியாகவே செல்லவேண்டியிருந்தது. அவ்வழியை அவர்களுக்காக முதலில் நடந்து தேய்த்தவர் கொய்ராலா.